மெஸ் மூடிய வாரம்

பினாங்கிலிருந்து காரைக்குடிக்குப் படிக்க வந்து ஆறு மாதம் ஆகிறது. அதில் நான் பார்த்த செட்டிநாடு என்பது விடுதி, வகுப்பு, நூலகம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் கல், அவ்வளவுதான். வீட்டிலிருந்து அழைக்கும்போதெல்லாம் அம்மா, “அரண்மனை பாத்தியா, அரண்மனை பாத்தியா” என்று கேட்பார். நானும் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். பேருந்து ஜன்னலில் பார்த்தது பொய்யில் சேராது. பொங்கல் விடுமுறை வந்தது, விடுதி காலியானது, அதற்குப் பிறகுதான் ஊரைப் பார்த்தேன்.

ஜனவரி 13, திங்கள் – போகி

காலையில் தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனால் கதவில் பூட்டு. பக்கத்துச் சுவரில் நான்கு நாளாகவே அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். தினமும் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுதான் வரிசையில் காத்திருந்திருக்கிறேன், படிக்கவில்லை. மொத்த விடுதியிலும் மிஞ்சியது இரண்டு பேர். இன்னொருத்தி இலங்கை, அட்டன் பக்கம். அவளை இங்கே அட்டன்காரி என்றே எழுதுகிறேன், அவளுக்கும் சம்மதம்தான். அவள் வீட்டில் தேயிலை, எங்கள் வீட்டில் ரப்பர். இரண்டு பேர் முன்னோரும் இந்தப் பக்கத்து வறட்சிக்குப் பயந்து கப்பல் ஏறியவர்கள். ஆக, பொங்கலுக்குப் போக ஊர் இல்லாத இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போனவர்களின் பேத்திகள்.

பகலெல்லாம் பிஸ்கட். சாயங்காலம் காவலாளி அண்ணன்தான் வழி சொன்னார். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்தில், ஒரு ஆச்சி வீட்டு வாசலிலேயே பலகாரம் போட்டு விற்கிறாராம். தேடிப் போனோம். திண்ணையில் அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, மடக்கு நாற்காலி இரண்டு. ஆச்சி நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டது: “என்ன ஆத்தா, பசியாறியாச்சா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பசியாறுவது எங்கள் ஊர்ப் பேச்சு. சென்னையில் இறங்கிய அன்று விடுதிக்காரரிடம் “எங்கே பசியாறலாம்?” என்று கேட்டு, அவர் திருதிருவென்று விழித்ததிலிருந்து அந்தச் சொல்லையே பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன். மலேசியத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தது இங்கே ஒரு சந்தில் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டோம். எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு ஆச்சி கிண்ணத்தையே எடுத்துக் காட்டினார். பச்சரிசியைத் தலைதட்டி அளக்க வேண்டும். அதன் மேலேயே உளுந்தைக் கொட்டிக்கொண்டே போக வேண்டும், கோபுரம்போல் நிற்கும்வரை. சரிந்து விழத் தொடங்கினால் அதுதான் அளவு. கிராம், தேக்கரண்டி எதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, வெண்ணெய்போல ஆட்டி, உப்பு, ஒரு சிட்டிகை சீனி. கரண்டியில் மொண்டு எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்று. மாவு அடியில் போய், ஒரு நொடி யோசித்து, வட்டமாக மேலே வரும். ஓரம் ஜரிகைபோல் சுருங்கும்போது ஒரு கம்பியால் திருப்பிவிடுகிறார். சிவக்கக் கூடாது. “செவந்துட்டா அது பேரு வேற,” என்றார். வேறு பேர் என்னவென்று சொல்லவில்லை.

தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். பினாங்கில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய கடைகளில் எல்லாமே நாக்கைச் சுடும். இங்கே பணியாரம் பால்போல இருக்கிறது, காரம் ஓரமாக ஒரு சிட்டிகை உட்கார்ந்திருக்கிறது. வேண்டுமானால் தொட்டுக்கொள். ஒன்று எட்டு ரூபாய். நான் ஏழு, அட்டன்காரி ஒன்பது. அவள் மறுப்பாள், நம்பாதீர்கள்.

ஜனவரி 14, செவ்வாய் – பொங்கல்

மலேசியாவில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. அப்பா வேலைக்குக் கிளம்புவதற்குள் பால் பொங்கியாக வேண்டும், அதனால் வாயு அடுப்பை முழுதாகத் திருகிவிடுவார் அம்மா. இங்கே தெருவே அவசரமில்லாமல் இருந்தது. பனி விலகவே எட்டு மணி. வாசலுக்கு வாசல் கோலம், கோலத்தின் நடுவே அடுப்பு, புகை.

பதினோரு மணிக்கு மெஸ் அக்காவின் மகன் பைக்கில் வந்து ஒரு தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டான். குன்றக்குடிப் பக்கத்துக் கிராமம் அவர்களுக்கு. மேல் அடுக்கில் சர்க்கரைப் பொங்கல். கீழ் அடுக்கைத் திறந்தால் கருநீலமாக, பளபளவென்று, தேங்காய்ப்பூ தூவி ஏதோ ஒன்று. அட்டன்காரி பயந்து பின்வாங்கினாள். நான் ஒரு வாய் வைத்ததும் கத்திவிட்டேன். புலுட் ஹித்தாம்! மலாய்க்காரப் பக்கத்து வீட்டுப் பாட்டி நோன்பு மாதத்தில் கஞ்சியாகக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுப்பாரே, அதே கறுப்பு அரிசி. இங்கே அதற்குப் பேர் கவுனரிசி. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் கொண்டுவந்தது, இப்போது இது இல்லாமல் அவர்கள் வீட்டுக் கல்யாணம் இல்லை.

வாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அட்டன்காரி சொன்னாள். அவளிடமிருந்த தேயிலையில் ஒரு பொட்டலம் கட்டி வைத்தோம்.

ஜனவரி 15, புதன் – கானாடுகாத்தான், ஆத்தங்குடி

மாட்டுப் பொங்கலன்று ஊர் சுற்றுவது முட்டாள்தனம் என்று காவலாளி அண்ணன் சொன்னார். அவர் சொன்னது சரிதான், ஆனாலும் கிளம்பிவிட்டோம்.

முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரு டவுன் பஸ். சில்லறையை நீட்டினேன். நடத்துநர் வாங்காமல் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். பெண்களுக்குக் கட்டணம் கிடையாதாம். “அண்ணே, நான் வெளிநாடு,” என்றேன், பின்னால் வம்பு வரக் கூடாதே. ஏற இறங்கப் பார்த்தார். “பொம்பளைப் புள்ளதானே? உக்காரு.” ஆறு மாதமாக நான் நடந்தும் ஆட்டோவிலும் செலவழித்ததைக் கணக்குப் பார்த்துக்கொண்டே கானாடுகாத்தான் வந்து சேர்ந்தேன்.

ஊருக்குள் நுழைந்தால் காது அடைத்ததுபோல் அமைதி. நேர்கோடாகத் தெருக்கள், இரண்டு பக்கமும் கோட்டைபோல வீடுகள், மனிதர்களைக் காணோம். மாடு மட்டும் இருந்தது, கொம்பில் புது வர்ணத்தோடு. அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வாசலில் நின்று பார்த்தோம், உள்ளே விடவில்லை. அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டேன். இனி பொய் சொல்ல வேண்டாம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, “செருப்பக் கழட்டிட்டு வாங்க ஆத்தா,” என்றார். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று கதவைத் திறந்துகொண்டே போகிறார், வீடு முடியவில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வெளியே வெயில் ஏறியிருந்தது, உள்ளே தரை குளுகுளுவென்று இருந்தது. சுவரைத் தொடச் சொன்னார். பளிங்குபோல் வழவழப்பு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இழைத்த பூச்சு, நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆகிறதாம். நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அட்டன்காரி அதைப் படம் எடுத்துவிட்டாள்.

வளவு என்பது நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்தத் தம்பதி ஒரு புள்ளி. கோவில் வரியும் ஊர்க் கணக்கும் புள்ளிக் கணக்கில்தான். அறை சின்னது, ஆனால் கதவைப் பார்த்தால் கோவில் கதவு. எல்லாக் கதவிலும் பூட்டு. சாவி ஒன்று சென்னையில், ஒன்று சிங்கப்பூரில், ஒன்று யாரிடம் என்றே தெரியாதாம்.

“நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார். பினாங்கு என்றதும் அவர் நடையே மாறிவிட்டது. “எங்க ஐயா பினாங்குல அடுத்தாளா இருந்தாக!” அவருடைய தாத்தாவைச் சொல்கிறார். வட்டிக்கடையில் முதலாளிக்குப் பதிலாக உட்கார்கிறவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், ஓடியாட பெட்டியடிப் பையன். மூன்று வருஷம் கணக்குப் பார்த்துவிட்டுக் கப்பலில் ஊர் திரும்ப வேண்டும். மனைவியைக் கூட்டிப் போக முடியாது. அந்த மூன்று வருஷமும் பெண்கள் இந்த வளவில்தான் இருந்திருக்கிறார்கள், முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டு. கூரையின் நான்கு பக்கத்துத் தண்ணீரும் முற்றத்தில் விழ, கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் பிடித்தது போக மீதி ஊருணிக்கு ஓடும் என்று வாய்க்காலைக் காட்டினார்.

தூண் பர்மாத் தேக்கு. கட்டிப் பிடித்தேன், கை எட்டவில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. தாத்தாவின் அப்பா கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி. ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க ஒரு செட்டியார் கடையில் கடன் வாங்கி, வட்டி கட்டிக் கட்டியே வாங்கிப்போட்ட நிலத்தை விட்டவர். தாத்தாவுக்குச் செட்டியார் கடை என்றாலே முகம் சுளிக்கும். அதே தாத்தா தைப்பூசத்துக்கு அந்தச் செட்டியார்களின் வெள்ளி ரதத்துக்குத் தேங்காய் உடைக்க முதல் ஆளாக நிற்பார். அதையும் இதையும் அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அந்தத் தூணில் எங்கள் வீட்டுப் பணமும் ஒரு சீவலாவது இருக்கும் என்று சொன்னேன். பெரியவருக்குக் கோபம் வருமோ என்று பயந்தேன். சிரித்துவிட்டார். “அப்ப நீயும் ஒரு பங்காளிதான் ஆத்தா. ஒட்டடை அடிக்க வாறியா?”

சிரித்தாலும் வீட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 1942இல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு பர்மாப் பணம் போயிற்று, அதன்பின் இப்படிக் கட்ட ஆளில்லை, இப்போது பெருக்கவும் ஆளில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தத் தகவல் மாடியில் இருக்கும் வௌவாலுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்புறம் ஆட்டோ பிடித்து ஆத்தங்குடி. முந்நூற்றைம்பது கேட்டு முந்நூறுக்கு வந்தார். தரையில் பதிக்கும் வர்ணக் கல் செய்யும் பட்டறைகள் ஒன்றுவிடாமல் பூட்டியிருந்தன. காவலாளி அண்ணன் சொன்னது காதில் ஒலித்தது. திரும்பப் பேருந்தும் இல்லை. ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார், அவர் மாடு இன்று ராஜா என்பதால் ஓட்ட மாட்டாராம், அது நடக்கும்போது நடக்கும். மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பிறகு ஒரு பால்வண்டி. பகல் சாப்பாடு ஆளுக்கு ஒரு துண்டு கரும்பு.

ஜனவரி 16, வியாழன் – சிராவயல்

எல்லோரும் போகிறார்கள் என்று நாங்களும் மஞ்சுவிரட்டுக்குப் போனோம். தை மூன்றாம் நாள் சிராவயல் பொட்டலில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஒரு குடும்பம் தங்கள் லாரி மேல் எங்களை ஏற்றிக்கொண்டது, புளியோதரையும் கொடுத்தது. மாட்டைவிட அதிகமாகப் புழுதியைப் பார்த்தேன். ஒரு காளை லாரிக்குப் பத்தடி தள்ளி நின்று எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது, அந்தக் கண் இன்னும் நினைவிருக்கிறது. யாருக்காவது குத்துப்படுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததால் ரசித்தேன் என்று சொல்ல முடியாது. மறுபடி போக மாட்டேன். இறங்கும்போது ஒரு செருப்பு தொலைந்தது. ஒற்றைச் செருப்போடு காரைக்குடி வந்து புதிதாக வாங்கியது நூற்று எண்பது ரூபாய்.

வெள்ளிக்கிழமை முழுவதும் தூங்கினேன்.

ஜனவரி 18, சனி – மறுபடி ஆத்தங்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு

இந்த முறை பட்டறை ஒன்று திறந்திருந்தது. ஒரு அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ரேடியோ.

நான் சுட்டு எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நெருப்பே இல்லை. ஒரு சதுரக் கண்ணாடி, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத் தகடு அச்சு. சிமெண்டில் கலந்த வர்ணத்தைச் சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார், சிவப்பு, மஞ்சள், பச்சை. ரங்கோலிக்குப் பொடி போடுவதைப்போல, ஆனால் தண்ணீராக. அச்சை இரண்டு கையாலும் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். வர்ணம் ஒன்றோடொன்று சேரவில்லை, மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூளைச் சலிப்பதுபோல் தூவ, தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு, கொத்துக்கரண்டியால் ஒரு முறை வழித்துவிடுகிறார். ஒரு கல் முடிய, ரேடியோவில் பாதிப் பாட்டுகூட ஓடியிருக்காது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, கடைசியில் கண்ணாடியை எடுத்தால் முகம் தெரியும் வழவழப்பு. அந்தப் பளபளப்பு மெருகு போட்டதில் வந்ததல்ல, கண்ணாடி முகத்தை அப்படியே கல் வாங்கிக்கொள்கிறது. எனக்கும் ஒன்று ஊற்றக் கொடுத்தார். என் மஞ்சள் பச்சைக்குள் போய்விட்டது. “பரவால்ல, இத அடுப்படில போட்டுக்கலாம்,” என்றார், யார் வீட்டு அடுப்படி என்று சொல்லாமல்.

மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. இடித்த வீடுகளின் உள்ளுறுப்புகள் எல்லாம் இங்கே வந்து கிடக்கின்றன. கதவு, நிலை, தூண், கல்லாப்பெட்டி, யாரோ ஒருவருடைய கல்யாணப் படம். எனக்கு மனசு பிசைந்தது. அட்டன்காரிக்கு அப்படி ஒன்றுமில்லை, இரும்புப் பெட்டி ஒன்றின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் செட்டியார் தெருவில் நகைக்கடை ஜன்னல்களைப் பார்த்தே வளர்ந்தவள்.

ஒரு கடையில் எனாமல் பூசிய பாத்திரங்கள் அடுக்கியிருந்தன, ஸ்வீடன் முத்திரையோடு. “மங்கு சாமான் பாருங்க,” என்றார் கடைக்காரர். மங்கு! எங்கள் வீட்டில் குழம்பு ஊற்றும் கிண்ணத்துக்கு அதுதான் பேர், மலாயில் மங்கோக். அந்த உற்சாகத்தில் ஒரு தூக்குச்சட்டியைக் காட்டி, “இது எத்தனை வெள்ளி?” என்று கேட்டுவிட்டேன். எங்களுக்கு ரிங்கிட் என்றால் வெள்ளிதான். கடைக்காரர் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “வெள்ளி இல்லம்மா, இரும்புதான். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?” அட்டன்காரி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். தூக்குச்சட்டி இரண்டாயிரத்து எண்ணூறு. பூப்போட்ட சின்ன மங்கு ஒன்று முந்நூற்றைம்பது, அதை எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய பதினெட்டு வெள்ளி. ஓரத்தில் எனாமல் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, விடுதிக்கு வந்துதான் கவனித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய் – நாட்டரசன்கோட்டை

திங்கள் முதல் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆனால் பணியாரத்து ஆச்சி, பொங்கல் முடிந்த முதல் செவ்வாய்க்கு நாட்டரசன்கோட்டைக்குப் போகாமல் என்ன பொங்கல் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். இரண்டு வகுப்புக்கு மட்டம். சிவகங்கை போய் அங்கிருந்து இன்னொரு பேருந்து.

கண்ணாத்தாள் கோவிலுக்கு முன்னால் வரிசை வரிசையாக அடுப்பு. புள்ளிக்கு ஒரு பானை. வெளிநாட்டில், வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்கு வந்துவிடுகிறார்கள். யார் பானை முதல் பானை என்று சீட்டுப் போட்டு எடுப்பார்களாம், பணக்காரர் ஏழை என்ற பேச்சு கிடையாது. அந்த முதல் பானை பொங்கிய பிறகு மற்றவை. நான் எண்ணத் தொடங்கி இருநூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டேன், அதற்குமேல் புகை. கண்ணில் நீர் வழிய வழிய எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டும் வைரமுமாக நிற்கும் பெண்கள் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் விறகைத் தள்ளுகிறார்கள். பெண் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் இந்தப் புகைக்குள்ளேதான் நடக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னார். கானாடுகாத்தானில் பார்த்த பூட்டிய கதவுகளுக்குச் சொந்தக்காரர்கள் இங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

எங்களுக்கு அடுப்பில்லை, பானையில்லை, ஓரமாக நின்றோம். ஒரு வயதான ஆச்சி கூப்பிட்டு, இலைத்துண்டில் பொங்கலை வைத்து நீட்டினார். சுடச்சுட, அடியில் லேசாகத் தீய்ந்த வாசனையோடு. “எந்த ஊரு, எந்தக் கோவில்?” என்று கேட்டார். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று செட்டியார்களின் ஒன்பது கோவிலில் ஒன்றைச் சொல்ல வேண்டிய கேள்வி அது, இந்த வாரத்தில் அந்த அளவுக்காவது கற்றிருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “பினாங்கு, தண்ணீர்மலை,” என்று எங்கள் ஊர் முருகன் கோவிலைச் சொன்னேன்.

ஆச்சி என்னையும் என் புதுச் செருப்பையும் பார்த்தார். “அதுவும் நாங்க கட்டுனதுதான்,” என்று இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். “இவ?” என்று அட்டன்காரியைக் காட்டினார். அவள் வாய் நிறையப் பொங்கலோடு “கதிர்காமம்” என்று சொல்லிவைத்தாள். அவளுக்கும் இன்னொரு கரண்டி விழுந்தது.

கடைசிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம். விடுதிக்குள் நுழையும்போது மெஸ்ஸில் விளக்கு எரிந்தது. சுவரில் புதிதாக ஏதோ ஒட்டியிருந்தார்கள். இந்த முறை நின்று படித்தேன். இரண்டு வகுப்புக்கு வராதவர்கள் பட்டியல், இரண்டே பேர்.